கடிதப் பெட்டியில் அவன் பெயர்

நான் ஒரு தபால்காரரிடம் பொய் சொன்னேன். என் நண்பன் இந்த விடுதியில் இல்லை, போய்விட்டான், எங்கே போனான் என்று தெரியாது என்றேன். அந்த நேரம் அவன் மூன்றாம் மாடியில், என் அறையில், என் மேசையில் உட்கார்ந்து எனக்காகக் கணக்குச் செய்துகொண்டிருந்தான். தபால்காரரின் கையில் இருந்தது அவனுக்கு வந்த பல்கலைக்கழகக் கடிதம். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

எனக்கு இப்போது எழுபது வயது. இதை நாற்பது வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் மனைவிக்கும் சொல்லவில்லை. அவள் இல்லாமல் போய் ஆறு வருடமாகிறது.

நாங்கள் இருவரும் ஜெர்மனிக்குப் படிக்க வந்தவர்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் நாங்கள் எல்லோருமே அகதிகளாகத்தான் வந்து இறங்கினோம் என்று நினைக்கிறார்கள். நான் யாழ்ப்பாணம், அவன் மன்னார். மொழி வகுப்பின் இடைவேளையில் கோப்பி மெஷினுக்கு முன்னால்தான் முதலில் கண்டோம். மெஷினைக் கையால் தட்டிக்கொண்டு நின்றவன் என்னைப் பார்த்து, "அண்ணை, இது என்ரை காசை மட்டுந்தான் தின்னுதோ, உங்கடையையும் தின்னுதோ?" என்று கேட்டான். இருவருக்கும் ஒரே வயது என்று தெரிந்த பிறகு அண்ணை போய் மச்சான் ஆனேன்.

எனக்கு ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்த சான்றிதழ் இருந்தது. அதனால் பொறியியலுக்கு நேரே இடம் கிடைத்தது. அவனிடம் உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ் மட்டும்தான். அப்படிப்பட்டவர்கள் முதலில் ஒரு நுழைவுப் பரீட்சை எழுதி, ஒரு வருட ஆயத்த வகுப்பில் இருந்து, அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம் போகலாம். பரீட்சை எந்த நாள், எந்த மண்டபம் என்பதைக் கடிதத்தில்தான் அறிவிப்பார்கள். அவனுடைய வதிவிட அனுமதி ஜூன் மாதத்தோடு முடிய இருந்தது. படிக்க இடம் கிடைத்ததென்று காட்டினால் நீட்டித் தருவார்கள், இல்லாவிட்டால் இல்லை. ஆகவே எல்லாம் அந்த ஒரு கடிதத்தில் இருந்தது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜனவரியில் அவன் தங்கியிருந்த உறவினர் வேறு ஊருக்கு மாறிப் போனார். "எங்கை போறதெண்டு தெரியேல்லை மச்சான்" என்றான். "என்ரை அறைக்கு வா" என்றேன். யோசிக்கவே இல்லை. அது நான் செய்த நல்ல காரியம். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள அதைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

விடுதி அறை ஒருவருக்கானது. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் மெத்தை விரித்தால் கதவு பாதிதான் திறக்கும். வந்த அன்றே அவன் என் கணக்குக் கொப்பியிலிருந்து கட்டம் போட்ட தாளில் ஒரு துண்டு வெட்டி, தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே வாசலிலிருந்த என் கடிதப் பெட்டியில் என் பெயருக்குக் கீழே ஒட்டினான். கையில் பசை இல்லாததால் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரால் ஒட்டினான். இந்த நாட்டில் கடிதம் அறை இலக்கத்துக்கு வருவதில்லை, பெயருக்குத்தான் வருகிறது. பெட்டியில் பெயர் இல்லையென்றால் முப்பது வருடம் அந்த வீட்டில் இருந்தாலும் தபால்காரரைப் பொறுத்தவரை நீங்கள் அங்கே இல்லை. விடுதிக் காவலாளர் அந்தப் பெயரைத் தினமும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

எட்டு அறைகளுக்கு ஒரு பொதுச் சமையலறை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எல்லோருடைய பிறந்தநாளும் எழுதிய தாள் ஒன்று தொங்கும். என் பிறந்தநாள் நவம்பரில், அவன் வருவதற்கு முன்னரே வந்து போயிருந்தது. அன்று நான் முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, அறைக்கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஊரில் விடுதியில் என்றால் விடிய முதலே கூட்டாளிகள் வந்து கட்டிலோடு தூக்கிக்கொண்டு போவார்கள். இங்கே ஒருவரும் வரவில்லை. பின்னேரம் பக்கத்து அறை இறையியல் மாணவி சமையலறையில் என்னைக் கண்டு, "மாலை வணக்கம்" என்றாள், அவ்வளவுதான். நான் ஒரு முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, இந்தச் சனங்களுக்கு ஈரமே கிடையாது என்று முடிவு கட்டினேன். அவன் வந்த பிறகு அவனிடம் மட்டும் இதைச் சொன்னேன்.

மார்ச்சில் அவன் பிறந்தநாள். நான் செய்யாத ஒன்றை அவன் செய்தான். அந்த மாணவியிடம் போய், "உங்கள் ஊரில் பிறந்தநாளுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டான். கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவந்து மற்றவர்களைக் கூப்பிட வேண்டும், கூப்பிடாமல் போய்க் கதவைத் தட்டுவது மரியாதையில்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவன் கடையில் வாங்கிய கேக் மாப் பொதியிலிருந்து ஒரு கேக் செய்தான். மீன் ரோல்ஸ் பொரித்தான். எட்டு அறையும் வந்தது, அடுத்த மாடியும் வந்தது. பாடினார்கள். அவனுக்குக் கையால் பின்னிய தொப்பி ஒன்று கொடுத்தார்கள்.

அப்போது அந்த மாணவி என்னிடம், "நீ ஏன் எங்களைக் கூப்பிடவில்லை? நாங்கள் அன்றைக்கு உனக்காகச் சமையலறையில் காத்திருந்தோம். உனக்கு எங்களைப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தோம்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டான். தொப்பியைப் போட்டுக்கொண்டு, தன் உடைந்த ஜெர்மனில், "இவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேக் நடந்து வருமென்று இருந்திருக்கிறான்!" என்றான். சமையலறை முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல. ஒருவன் என் தோளைத் தட்டினான், இன்னொருத்தி என் தட்டில் கேக் வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன். ஆனால் அவனை மட்டும் நம்பிச் சொன்னதை அவன் எல்லோருக்கும் பரிமாறிவிட்டான் என்பது நெஞ்சில் நின்றது. நான் ஏழு மாதமாக இருந்த மாடியில் மூன்று மாதத்தில் எல்லோரும் அவனுடைய ஆட்கள் ஆகிவிட்டார்கள் என்பதும் நின்றது.

அடுத்த நாள் காலை வகுப்புக்குப் போகும் வழியில் பெட்டிக்கு முன்னால் நின்றேன். இந்தப் பெட்டியாவது இன்றைக்கு எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். பிளாஸ்டரின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தேன். பெயர் தாளோடு வந்தது. அதைத் தரையில், பெட்டிக்கு நேரே கீழே போட்டேன். தானாக விழுந்தது போல இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிப் போட்டேன். இந்த இடத்தில் எனக்கு எந்தச் சாட்டும் இல்லை.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது தபால்காரர் பெட்டிகளுக்கு முன்னால் நின்றார். கையில் ஒரு நீளமான மண்ணிற உறை. "இந்தப் பெயர் நேற்று வரை இங்கே இருந்தது. ஆள் இருக்கிறாரா?" என்று கேட்டார். பல்கலைக்கழகத்தின் சின்னம் உறையின் மூலையில் இருந்ததைக் கண்டேன். "இல்லை, போய்விட்டார்" என்றேன். "புது முகவரி?" "தெரியாது." அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தரம் ஜெர்மன் பேசும்போது தடுமாறியிருக்கிறேன். அந்த வார்த்தைகளை மட்டும் ஒரு பிழையில்லாமல் சொன்னேன்.

மேலே போனேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "மச்சான், நாலாவது கணக்கிலை நீ குறியை மாத்திப் போட்டாய். வா, காட்டுறன்" என்றான். காட்டினான். பின்னேரம் கீழே போனவன் தாளோடு வந்தான். "பார், விழுந்து கிடந்தது. உந்தப் பிளாஸ்டர் சரியில்லை" என்று சொல்லிக் கடைக்குப் போய்ப் பசை வாங்கி வந்து திரும்ப ஒட்டினான். அவன் பெயர் இல்லாமல் அந்தப் பெட்டி இருந்தது அந்த ஒரு நாள்தான்.

பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அந்த மூன்று கிழமையில் எந்த நாளிலும் நான் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லாவிட்டாலும், "நேரிலை போய் ஒருக்காக் கேட்டுப் பாரன்" என்றாவது சொல்லியிருக்கலாம். திரும்ப அனுப்புவார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவன் தினமும் இரண்டு தரம் கீழே இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தான். கடைசியில் தானாகவே அலுவலகத்துக்குப் போனான். ஆள் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது, பரீட்சை போன கிழமை முடிந்துவிட்டது, அடுத்தது இலையுதிர் காலத்தில் என்றார்கள். அவனுடைய அனுமதி அதுவரை நிற்கவில்லை. ஊரில் அப்போது போகக்கூடிய நிலைமை இல்லை. அகதி விண்ணப்பம் போட்டான். ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் விட்டார்கள். அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது, வேலை செய்யக் கூடாது, படிக்கவும் ஏலாது.

அங்கிருந்து அவன் எனக்குக் கணக்கு அனுப்பினான். இதை நான் எப்படிச் சொல்வது? எனக்கு உயர் கணிதம் ஓடவில்லை என்று அவனுக்குத் தெரியும். நான் வினாக்களை எழுதி அனுப்புவேன். முகாமின் அறிவித்தல் தாள்களின் பின்பக்கத்தில் அவன் ஒவ்வொரு படியையும் எழுதி அனுப்புவான். ஓரத்தில், "இது விளங்காட்டி நீ மாடு மேய்க்கத்தான் சரி" என்று இருக்கும். கிழமைக்கு ஒரு கடிதம். என் பெயர் போட்டு, அதே பெட்டிக்கு. அந்தத் தாள்களால்தான் நான் பரீட்சையில் தேறினேன். நான் பொறியியலாளன் ஆனது, டுசல்டோர்ஃபில் வீடு எடுத்தது, பிள்ளைகளைப் படிப்பித்தது எல்லாவற்றுக்கும் கீழே அவனுடைய கையெழுத்து இருக்கிறது.

அடுத்த நவம்பரில் நான் கேக் வாங்கி வந்து எல்லோரையும் கூப்பிட்டேன். அந்த மாடி என்னையும் சேர்த்துக்கொண்டது. அந்த இறையியல் மாணவி இப்போது ஓய்வுபெற்ற போதகர். என் மனைவியின் இறுதிச் சடங்கில் கடைசிவரை என் பக்கத்தில் நின்றார். இந்த நாடு எனக்குக் குறை வைக்கவில்லை.

அவனுக்கு வதிவிட அனுமதி கிடைக்க வருடங்கள் போயின, அதற்குள் கல்யாணமும் ஆகியிருந்தது. உணவகத்தில் பாத்திரம் கழுவினான், கம்பித் தொழிற்சாலையில் நின்றான், கடைசிப் பதினைந்து வருடம் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தான். அந்தக் கடிதத்தை அவன் ஒரு பகிடியாக்கி வைத்திருந்தான். கல்யாண வீடு, ஞானஸ்நான வீடு எல்லாவற்றிலும் சொல்வான். "நான் புரொபெசரா வந்திருக்க வேண்டியவன். ஒரு துண்டுப் பிளாஸ்டர் என்னைக் கோப்பை கழுவ விட்டுட்டுது!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும். "கேளுங்கோ இவனை, இவன் சாட்சி" என்று என்னைக் காட்டுவான்.

பகிடியோடு ஒரு பழக்கமும் அவனிடம் ஒட்டிக்கொண்டது. ஹம்மில் எந்தத் தமிழ்க் குடும்பம் வீடு மாறினாலும் முதல் நாள் அவன் போய்க் கடிதப் பெட்டியில் பெயரை ஒட்டிக் கொடுப்பான். எழுத்து அடிக்கும் சிறு மெஷின், பசை, துடைக்கத் துணி எல்லாம் ஒரு பையில் வைத்திருப்பான். போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து முதுகலை படிக்க வந்த ஒரு பெண்ணுக்கு ஒட்டப் போனபோது நானும் கூடப் போனேன். ஒட்டி முடித்துவிட்டு வழக்கம் போலப் பகிடியைச் சொன்னான். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"அங்கிள், அது ஜஸ்ட் பேட் லக். உங்க தப்பு எதுவுமே இல்லையே?"

"இல்லைப் பிள்ளை. ஒழுங்கா ஒட்டாதது நான்தானே. மோட்டு வேலை."

"நாற்பது வருஷமா உங்களையே பிளேம் பண்ணிட்டு இருக்கீங்களா?"

அவன் துணியை மடித்துப் பைக்குள் வைத்தான். அதுவரை நான் அதைப் பகிடி என்றுதான் நினைத்திருந்தேன். நினைக்க விரும்பினேன் என்பதே சரி.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹம்முக்குப் போனேன். அவர்கள் பூசை முடிந்து வந்திருந்தார்கள். அவன் மனைவி, "அண்ணை, ரோல்ஸ் சூடா இருக்கு, எடுங்கோ" என்று வைத்துவிட்டு உள்ளே போனார்.

"மச்சான், அந்த லேபல் விழேல்லை" என்றேன்.

"எந்த லேபல்?"

"உன்ரை பேர். நான்தான் கழட்டிக் கீழை போட்டனான்."

அவன் சிரித்தான். "வயசு போட்டுது உனக்கு. இப்ப என்ரை பகிடியிலையும் பங்கு கேக்கிறியோ?"

"பகிடி இல்லை. தபால்காரர் என்னட்டைக் கேட்டவர். நீ இல்லை, போட்டாய் எண்டு சொன்னனான். நீ மேலை என்ரை கணக்கைச் செய்துகொண்டிருந்தனி."

சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்பான் என்று நினைத்து, பிறந்தநாள், கேக், தொப்பி எல்லாவற்றையும் சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"கடிதத்தைப் பார்த்தனியோ?"

"ஓம்."

"என்ன மாதிரி இருந்தது?"

"நீட்டு உறை. மண்ணிறம். மூலையிலை சின்னம்."

"தடிப்போ, மெல்லிசோ?"

"தடிப்பு."

அவன் தலையாட்டினான். "நான் அதை ஒருநாளும் காணேல்லை" என்றான்.

அவன் மனைவி கதவடியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. "அண்ணை, கலியாணம் கட்டின நாள் முதல் இந்த மனிசன் பசை வாங்கிக்கொண்டு திரியிறார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"மூண்டு பத்துக்கு ரயில் இருக்கு. அதைப் பிடி" என்றான் அவன்.

ஐந்து மாதம் அவன் என்னோடு பேசவில்லை. இடையில் ஒரு தரம் அவன் மனைவி தொலைபேசி எடுத்தார். "அவர் கதைக்கமாட்டாராம். ஆனா பிரஷர்க் குளிசையை ஒழுங்காப் போடுறீங்களோ எண்டு கேக்கச் சொன்னவர்." போடுகிறேன் என்றேன். உண்மையில் அன்றிலிருந்துதான் ஒழுங்காகப் போட்டேன்.

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. இங்கே பல்கலைக்கழகங்களில் எங்களைப் போன்ற வயதானவர்கள் விருந்தினர்களாக வகுப்பில் உட்காரலாம். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கலாம். நான் படித்த அதே பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் படிவங்கள் இரண்டை எடுத்தேன். ஒன்றை எனக்கு, ஒன்றை அவனுக்கு. முதல் வருடக் கணிதம். அவனுடையதை நிரப்பி, கையெழுத்துக்கு இடம் விட்டு, தபாலில் அனுப்பினேன். போடும் முன் உறையில் அவன் பெயரை மூன்று தரம் சரிபார்த்தேன்.

ஒரு கிழமையில் தொலைபேசி அடித்தது. வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை.

"அந்த அன்ட்ராக் படிவத்திலை விலாசம் பிழை" என்றான்.

"ஹம் விலாசந்தானே, சரியாத்தானே எழுதினனான்?"

"பிழை எண்டுறன். உன்ரை விலாசத்தைப் போட்டு அனுப்பியிருக்கிறன். என்ரை பேரை உன்ரை பெட்டியிலை ஒட்டு. கடிதம் அங்கை வரட்டும். நீ கொண்டுவந்து தா."

வைத்துவிட்டான்.

அன்றே ஒட்டினேன். கட்டம் போட்ட தாள் தேடி வாங்கினேன். பிளாஸ்டர் போடவில்லை, நல்ல பசை போட்டேன். கீழ் வீட்டு அம்மையார் பார்த்துவிட்டு, "உங்களோடு இருக்க ஆள் வந்துவிட்டாரா? நல்லது, தனியாக இருக்கக் கூடாது" என்றார். ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தபால் வரும் நேரம் வாசலில் ஏதாவது வேலை செய்வதுபோல நின்றேன். எங்கள் தெருவுக்கு வருபவர் ஒரு இளம் பெண். அவர் கேட்பார், "இந்த ஆள் இங்கே இருக்கிறாரா?" என்று கட்டாயம் கேட்பார் என்று பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். கடிதம் வந்த நாள் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பெட்டியில் பெயர் இருந்தது. போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அடுத்த ரயிலில் ஹம்முக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்து, வாசலிலேயே வாங்கினான். இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான்.

"மெல்லிசா இருக்கு" என்றான்.

"இது வேறை கடிதம் மச்சான்."

"தெரியும்." சமையலறைக் கத்தியால் உறையை மெதுவாகக் கீறித் திறந்தான். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தான். பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டு, "செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு வகுப்பாம். எனக்குச் சாப்பாடு கட்ட வேணும்" என்றான். என்னைப் பார்க்காமலே, "இவனுக்கும்" என்றான்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் போகிறோம். மண்டபத்தில் பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் கடைசி வரிசையில் இருக்கிறோம். விரிவுரை முடிந்தால் இங்கே கை தட்டுவதில்லை, மேசையை விரல் முட்டிகளால் தட்டுவார்கள். முதல் நாள் எல்லோரும் தட்டி முடித்து எழும்பிய பிறகும் அவன் தட்டிக்கொண்டிருந்தான். முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவன் கையைப் பிடிக்கவில்லை. எனக்கு இன்னும் சில கணக்கு விளங்குவதில்லை. அவன் ரயிலில் காட்டித் தருகிறான். "இது விளங்காட்டி..." என்று தொடங்கி நிறுத்திவிடுகிறான். முந்தி நிறுத்தமாட்டான்.

பகிடியை இப்போது அவன் சொல்வதில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், "அண்ணை, அந்த லேபல் கதையைச் சொல்லுங்கோ" என்று யாரோ கேட்டார்கள். "அது பழசு" என்று சோற்றைப் பிசைந்தான். நாற்பது வருடம் அவனைத் தாங்கிய சிரிப்பையும் நான் எடுத்துவிட்டேன் என்று அப்போது விளங்கியது. திரும்பி வரும்போது, "உண்மையைச் சொல்லன். நான்தான் செய்தனான் எண்டு எல்லாருக்கும் சொல்லு" என்றேன்.

"எனக்கென்ன வேலை?" என்றான். "அது இப்ப உன்ரை கதை. நீ சொல்லு."

அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் பெயர் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. கழட்டட்டுமா என்று நான் கேட்கவில்லை, கழட்டு என்று அவனும் சொல்லவில்லை. இப்போது விளம்பரக் கடிதங்களும் அவன் பெயருக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. மூக்குக்கண்ணாடி, காப்புறுதி, நடைபாதைக் கற்கள். எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் அவன் கையில் கொடுக்கிறேன். "இதையெல்லாம் ஏன்ரா காவுறாய்?" என்று கேட்டபடி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்கிறான்.